அத்திவாரக் குழியில் நீர்ப்பிரமி

இவர், அதாவது என் கணவர், மீன் வளர்க்கிற கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். கையில் டோர்ச். நல்ல பட்டப்பகல், வெளியே வெயில் கொளுத்துகிறது, ஜன்னல் அகலத் திறந்து கிடக்கிறது. இந்த மனிதர் டோர்ச் அடித்துப் பார்க்கிறார்.

"என்னத்தத் தேடுறீங்க?" என்று கேட்டேன்.

"வேர்" என்றார்.

தொட்டித் தண்ணீர் பால் விடாத சாயத் தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது. உள்ளே நட்டிருந்த செடிகளின் இலைகள் கூழாகி, தண்டோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. இவர் முழங்கை வரைக்கும் கையை விட்டு ஒரு தண்டை இழுத்து எடுத்தார். அடியைப் பார்த்தார். திரும்ப மணலுக்குள் செருகினார். பிறகு அடுத்த தண்டு. மீன்கள் பயந்துபோய் மூலைக்குள் ஒடுங்கி நின்றன.

"செத்துப்போச்சு புள்ள எல்லாம். இந்த ஊர்த் தண்ணி சரியில்ல."

எனக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போக நேரமாகிக்கொண்டிருந்தது. சும்மா போயிருக்கலாம். ஆனால் என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாது என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும்.

"தண்ணி சரியில்லாட்டி நாங்கெல்லாம் எப்படி உசிரோட இரிக்கம்? என்ட வாப்பா இந்தக் கிணத்துத் தண்ணியக் குடிச்சித்தான் தொண்ணூறு தாண்டினவரு."

அவர் எழும்பினார். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். அப்போது அலுமாரி மேல் கிடந்த அவருடைய போன் அடித்தது. கூப்பிடுவது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கொழும்பு ஏஜென்சிக்காரர். கட்டாரில் இவர் முன்பு சாரதியாக இருந்த வீட்டுக்காரர்கள் இவரையே திரும்பக் கேட்கிறார்கள், விசா தயார், நோன்புக்கு முந்தி ஒரு முடிவு சொல்ல வேண்டும். இவர் திரையைப் பார்த்தார். அடிக்கவிட்டு விட்டு மறுபடி டோர்ச்சைத் தொட்டிக்குள் பிடித்தார்.

பெண்ணுக்கு வீடு

போன வாரம் என் பெரிய மகளின் கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். கல்யாணம் முடிந்ததும் நாங்கள் பின்கட்டு அறைகளுக்குப் போய்விட்டோம் என்று அதில் ஒரு வரி வந்தது. அதைப் படித்துவிட்டு வெளியூர் வாசகி ஒருவர், "சொந்த வீட்டை விட்டு ஏன் போனீர்கள், மருமகன் துரத்திவிட்டாரா?" என்று கேட்டிருக்கிறார். நான் நன்றாகச் சிரித்தேன். மருமகன் பாவம், எங்களுக்கு முன்னால் கதிரையில் சாய்ந்தே இருக்க மாட்டார்.

எங்கள் காத்தான்குடியில் கல்யாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குத்தான் போவான். ஆகவே பெண்ணுக்கு ஒரு வீடு இருந்தாக வேண்டும். அதைக் கட்டிக் கொடுப்பது பெற்றோரின் கடமை. நான் கல்யாணம் முடித்தபோது என் உம்மாவும் வாப்பாவும் பெரிய வீட்டை எனக்குத் தந்துவிட்டுப் பின்னால் இருந்த இரண்டு அறைகளுக்கு மாறினார்கள். பெரியவளுக்குக் கல்யாணமானபோது நாங்கள் அதே அறைகளுக்கு மாறினோம். சுவரில் உம்மா அடித்த ஆணி அப்படியே இருந்தது. அதில் என் கைப்பையைக் கொளுவினேன்.

ஒரு மகள் என்றால் கணக்குச் சரி. எனக்கு இரண்டு பேர். சின்னவள் ஸஹ்னாவுக்கு இன்னொரு வீடு வேண்டும். எங்கள் ஊரில் பாதி ஆண்கள் வெளிநாட்டில் கிடப்பது எதற்கென்று நினைக்கிறீர்கள்? வாப்பாமார் அங்கே வெயிலில் காய்வார்கள், இங்கே மகள்மாருக்குச் சுவர் எழும்பும்.

இவர் போனபோது ஸஹ்னா தவழ்ந்துகொண்டிருந்தாள். இடைக்கிடை லீவில் வருவார். வந்தால் விருந்தாளி போலத்தான். அவருக்கென்று கோழி அறுப்போம், நல்ல பீங்கானை எடுப்போம். பிள்ளைகள் அவர் முன்னால் நல்ல உடுப்போடு திரிவார்கள். அவருக்கு வீடு பழகுகிற நேரம் பார்த்து லீவு முடிந்துவிடும்.

மற்ற நாட்களில் போன்தான். அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் போன் கோல் என்றால் செலவில் கை சுடும். ஆகவே காரணம் இல்லாமல் வாப்பாவுக்குப் போன் எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். காய்ச்சல், சோதினை, பள்ளிக்கூடக் கட்டணம், இப்படி ஏதாவது இருக்க வேண்டும். இவரும் போனை எடுத்ததும் ஸலாமுக்கு அடுத்த சொல்லாக "சொல்லு, என்ன விஷயம்?" என்றுதான் கேட்பார். பிறகு காசில்லாமல் முகம் பார்த்துப் பேசுகிற காலம் வந்தது. பழக்கம் மட்டும் போகவில்லை.

ஸஹ்னா சின்ன வகுப்பில் படிக்கும்போது ஒரு நாள் எனக்குத் தெரியாமல் அவருக்குப் போன் எடுத்திருக்கிறாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அவர் வழக்கம் போல "என்ன விஷயம் மகள்?" என்று கேட்டிருக்க வேண்டும். பிள்ளை கொஞ்ச நேரம் முழித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "கொப்பி முடிஞ்சி வாப்பா" என்றாள். மேசையில் இன்னும் எழுதாத புதுக் கொப்பிகள் அடுக்கிக் கிடந்தன. அடுத்த கிழமை தம்பி முறையான ஒருவர் மூலம் ஒரு கட்டுக் கொப்பி வந்து சேர்ந்தது.  அவள் அந்தக் கொப்பிகளைத் தொடவே இல்லை.

மீன் வந்த கதை

இடுப்பு வலியும், சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் வந்த பிறகு, போதும் என்று இவர் திரும்பி வந்தார். ஈத்தம்பழம், அத்தர், கம்பளி என்று வழக்கமான சாமான்கள் எல்லாம் கொண்டுவந்தார். ஆனால் வந்து கொஞ்ச நாளில் டவுனுக்குப் போய், ஓட்டோவில் ஒரு கண்ணாடித் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார் பாருங்கள், வாசலில் நின்று நான் தலையில் கை வைத்தேன்.

"பேரப்பிள்ளைக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு" என்றார்.

கட்டாரில் இவர் வேலை பார்த்த பெரிய மாளிகையில் சாரதி காத்திருக்கிற இடத்தில் ஒரு மீன் தொட்டி இருந்ததாம். வீட்டுக்காரர்கள் எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. அதற்கு முன்னால் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருப்பாராம். "அந்த ஊட்டுல நான் மொகம் பாத்து இருந்தது அந்த மீனுகளத்தான்" என்றார்.  தொட்டியை வைக்க அலுமாரிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன்.

செடிகளும் டவுன் கடையில் வாங்கியவைதான். சின்னச் சின்னப் பிளாஸ்டிக் சட்டியில், பஞ்சு சுற்றி, ஆங்கிலத்தில் பெயர் ஒட்டி, கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தவை. 'பகோப்பா' என்று பெயரை அழுத்திச் சொல்வார், ஏதோ அமைச்சரின் பெயர் போல. விலையை அவர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை, கேட்டால் சண்டை வரும்.

நட்ட கொஞ்ச நாளிலேயே இலைகள் கழன்றன. கடைக்காரர் கிணற்றுத் தண்ணீரில் உப்பு என்றார். உடனே எங்கள் ஆள் குடிதண்ணீர்க் கேன்கள் வாங்கி வந்து தொட்டியில் ஊற்றினார். "மீனுக்குப் போத்தல் தண்ணி, எங்களுக்குக் கிணத்துத் தண்ணியா வாப்பா?" என்று பெரியவள் முன் வீட்டிலிருந்து சத்தம் போட்டாள். அதற்கும் செடிகள் அசையவில்லை. இவர் விடியற்காலை ஸுபஹ் தொழுதுவிட்டு வந்ததும் வராததுமாய் ஒவ்வொன்றையும் பிடுங்கி, வேர் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். தினமும்.

கொஞ்சம் கவனித்தபோது ஒன்று விளங்கியது. இந்த மனிதர் எங்களையும் அப்படித்தான் பார்த்தார். பின்னேரம் அறை வாசலில் வந்து நிற்பார். கேஸ் இருக்கிறதா, கரண்ட் பில் கட்டியாச்சா, ஸஹ்னாவின் வகுப்புக் கட்டணம் கொடுத்தாச்சா என்று கேட்பார். போனில் கேட்ட அதே கேள்விகள், அதே வரிசையில். நாங்கள் "ஓம், ஓம்" என்போம். கேள்வி முடிந்ததும் அவருக்கு மேற்கொண்டு என்ன கதைப்பது என்று தெரியாது. தொட்டிக்கு முன்னால் போய்க் குந்திக்கொள்வார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் நான் சட்டி கழுவப் போய்விடுவேன். இவர் டோர்ச் அடித்துப் பார்த்த அன்று, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அழுகின செடிகளை எல்லாம் ஒரு பேசினில் அள்ளி, பின்னால் இருந்த குழிக்குள் கொட்டிவிட்டேன்.

எங்கள் வீட்டு அழகு

அந்தக் குழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஸஹ்னாவின் வீட்டுக்காக வெட்டிய அத்திவாரம். இவர் வருவதற்கு முந்தின வருடம் மேசனைப் பிடித்து வெட்டினோம். ஒரு பக்கம் கல்லும் வைத்தாகிவிட்டது. இவர் வந்ததோடு வேலை நின்றது. வாங்கிப் போட்ட சீமெந்துப் பைகளைப் பொலித்தீன் சுற்றி எங்கள் அறைக்குள் அடுக்கியிருந்தோம். அதன் மேல்தான் நான் உடுப்புக் கூடையை வைப்பேன்.

எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மணலில் கிடக்கிறது. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். மாரி மழையும் சேர்ந்து அந்தக் குழி நிரம்பி நின்றது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் பார்ப்பது அதைத்தான். டெங்கு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர், எங்கள் பி.எச்.ஐ. ஐயாவும் அதைத்தான் பார்த்தார். "டீச்சர், நீங்களே இப்படித் தண்ணி தேக்கி வெச்சா நான் மத்தவங்களுக்கு என்ன சொல்ற?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு மானம் போய்விட்டது. அன்று பின்னேரமே இவர் தண்ணீரில் நெளிகிற நுளம்புக் குடம்பிகளைத் தின்னட்டும் என்று கப்பி மீன்களைக் கொண்டுபோய்க் குழிக்குள் விட்டார்.

"ஊட்டு அத்திவாரத்துல மீன் வளக்கிற ஆக்கள் நாங்க" என்றாள் பெரியவள். அவள் வாய் என்னுடைய வாய்.

கொழும்பிலிருந்து வந்த சாமான்

ஒரு நாள் சிவமலர் டீச்சர் வீட்டுக்கு வந்தார். அவரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் படிப்பித்தவர்கள். அவர் விஞ்ஞானம், நான் தமிழ். வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் வீடு. புது நெல்லு அரிசி கொஞ்சம் கொண்டுவந்திருந்தார். உள்ளே வந்தவர் தொட்டியைப் பார்த்தார். அதில் இவர் இரண்டாவது தடவை வாங்கி வந்த செடிகள் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன.

"இதென்ன டீச்சர், பிரமியக் கொண்டுவந்து உள்ளுக்க வச்சிருக்கிறீங்க?"

"பகோப்பா" என்றார் இவர், மரியாதையாக.

"என்ன பேர் வச்சாலும் இது நீர்ப்பிரமிதான் நானா. எங்கட வட்டைக் கரையெல்லாம் படர்ந்து கிடக்கு. மாடு மேயுது." டீச்சர் இவரை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"இது கொழும்புல இருந்து வந்த சாமான்."

"கொழும்புக்கு ஆரும் இஞ்ச இருந்துதான் ஏத்தியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, சிவமலர் டீச்சர் சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்தால் லேசில் நிறுத்த மாட்டார். நானும் சேர்ந்துகொண்டேன். சோதினைக் காலத்தில் ஞாபகத்துக்கு நல்லதென்று நாட்டு மருந்துக் கடையில் நாங்களே வாங்கிப் பிள்ளைகளுக்குப் பருக்கிய அதே பிரமி! ஸஹ்னா ஒவ்வொரு தடவையும் அந்தக் கைப்புத் தாங்காமல் துப்புவாள். போத்தலில் பார்த்த எனக்கு, செடியாகப் பார்த்தபோது தெரியவில்லை. இவருடைய முகம் மட்டும் சிவந்துபோயிற்று.

அந்தச் சனிக்கிழமை இவரும் நானும் மோட்டார் சைக்கிளில் டீச்சரின் ஊருக்குப் போனோம். மண்முனைப் பாலத்தில் ஏறியதும் காற்று முக்காட்டைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. இவருக்குப் பின்னால் இப்படி உட்கார்ந்து போனது பெரியவள் பிறப்பதற்கு முந்திய காலத்தில். அதை அவரிடம் சொன்னேன். காற்றில் கேட்கவில்லை போல. திரும்பச் சொல்ல வெட்கமாக இருந்தது.

வட்டை என்பது வயல்வெளி. சிவமலர் டீச்சர் வீட்டு வட்டை முடிகிற இடத்தில் வாய்க்கால் வந்து வாவியில் விழுகிறது. அங்கே சேற்றின் மேல் பச்சைப் பாய் விரித்த மாதிரிப் பிரமி படர்ந்து கிடந்தது. சின்னத் தடித்த இலைகள். வெள்ளையும் இல்லாமல் ஊதாவும் இல்லாமல் ஒரு நிறத்தில் பொடிப் பூக்கள். ஒரு பக்கம் வாய்க்காலின் நல்ல தண்ணீர், மறுபக்கம் வாவியின் உவர்த் தண்ணீர். செடி இரண்டிலும் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. உப்பு என்று போத்தல் தண்ணீர் ஊற்றிய மனிதர் கரையில் நின்று அதையே பார்த்தார்.

பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இறங்கியதும் முழங்கால் வரை சேற்றுக்குள் போனார். காலை இழுத்தால் செருப்பு வரவில்லை, செருப்பை எடுக்கக் குனிந்தால் மற்றக் கால் போகிறது. பக்கத்தில் கிடந்த எருமை ஒன்று மெல்லத் தலையைத் திருப்பி இவரைப் பார்த்தது. இவரும் அதைப் பார்த்தார். திடீரென்று இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சேற்றுக்குள் நின்றபடி சிரித்தார். வந்த நாளிலிருந்து இந்த மனிதர் சிரித்து நான் கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் அது போதாது.

செடியைச் சேற்றோடு சேர்த்து ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டோம். புறப்படும்போது சிவமலர் டீச்சர் சொன்னார்:

"நானா, இது காத்துல வளர்ந்த இலை. தண்ணிக்குள்ள முக்கினா இந்த இலை நிக்காது, கழரும். உங்களுக்கு முந்தியும் நடந்தது அதுதான். கழண்ட பிறகுதான் தண்ணிக்கெண்டு வேற இலை வைக்கும், மெல்லிசா. அதுவரைக்கும் தொடப்படா. பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தா எந்தச் செடி நிக்கும்?"

"எத்தின நாளைக்கு?"

"அது தன்ட பாட்டுக்கு வரும். நாள் எண்ணாதீங்க."

தொடாதீங்க வாப்பா

நட்டோம். டீச்சர் சொன்னது போலவே இலைகள் கழன்றன. இவருக்குக் கை துருதுருவென்றது. தொட்டிக்குள் கை போவதும், நான் செருமுவதும், கை திரும்பி வருவதுமாக இருந்தது. நான் பள்ளிக்கூடம் போன பிறகு காவலுக்கு ஆள் இல்லையே என்று, ஸஹ்னா ஒரு தாளில் 'தொடாதீங்க வாப்பா' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டாள். வாப்பாவோடு அவள் உரிமையாக விளையாடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஏஜென்சிக்காரரின் போன் நிற்கவில்லை. நோன்பும் நெருங்கிவிட்டது. ஒரு பின்னேரம் இவர் தொட்டியைப் பார்த்தபடி, "போயிட்டு வந்தா ஊடு முடிஞ்சிடும் புள்ள" என்றார்.

 இரிங்க என்று சொன்னால் மகளின் வீட்டைத் தடுக்கிற உம்மா. போங்க என்று சொன்னால் திரும்பவும் அந்த மாளிகை வாசல் கதிரைக்கு இவரை அனுப்புகிற பெண்சாதி. எனக்கு இவர் வேண்டும். மகளுக்கு வீடும் வேண்டும். இரண்டையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஸஹ்னா பின்னாலிருந்து கத்தினாள்: "உம்மா, ஓடி வாங்க! நீங்க கொட்டினது முளைச்சிரிக்கி!"

போய்ப் பார்த்தோம். செத்துப்போச்சென்று நான் குழிக்குள் கொட்டிய தண்டுகள், கல் வைத்த பக்கத்து ஓரமாக, சேற்றில் வேர் விட்டுப் படர்ந்து கிடந்தன. யாரும் அதைப் பார்க்கவில்லை, யாரும் பிடுங்கவில்லை. பொடி இலைகளுக்கு நடுவே ஒரு பூவும் இருந்தது. அடியில் கப்பி மீன்கள் ஓடித் திரிந்தன. இவர் சாரத்தைச் சுருட்டிக்கொண்டு குழி ஓரத்தில் குந்தினார். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை எழும்பவில்லை.

சீமெந்து

அதற்குப் பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அறைக்குள் உடுப்புக் கூடை கட்டிலில் இருந்தது. சீமெந்துப் பைகளைக் காணவில்லை. பின்னால் ஓடினேன். இவர் குழியின் ஒரு மூலையை மறித்து, தண்ணீரை இறைத்துவிட்டு, சுவர் பூசிக்கொண்டிருந்தார். கை, முகம், தாடி எல்லாம் சீமெந்து.

"அல்லாஹ்வே! அது மகள்ட ஊட்டுச் சீமெந்து!"

"இறுகுது புள்ள. ரெண்டு பை கல்லாப் போச்சு. கோடை வந்தா குழி வத்திடும், இதுகள் காஞ்சிடும்."

"செடி காஞ்சா காயட்டும்! மேசனுக்கு என்ன சொல்ற? நீங்க போய் வந்தா மறுகா..."

"நான் போகல்ல."

அவர் பூசுவதை நிறுத்தவில்லை. "ஏஜென்சிக்காரனுக்குக் காலையில சொல்லிட்டன். வேற ஆளப் பாக்கட்டும்."

நான் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் வந்தது, பொய் சொல்லவில்லை. அதன் பின்னாலேயே ஸஹ்னாவின் முகம் வந்தது. பிறகு கோபம் வந்தது. "எங்கட்ட ஒரு சொல் கேட்டீங்களா?" என்று கத்தினேன். "அந்தப் புள்ளக்கிட்ட ஒரு சொல் கேட்டீங்களா?"

"கேட்டா நீங்க என்னப் போகச் சொல்லுவீங்க எண்டு பயமா இருந்திச்சு" என்றார். அந்த வயது மனிதர், கையில் பூச்சுக் கரண்டியோடு, பள்ளிக்கூடப் பிள்ளை போல நின்று சொன்னார். என்னால் அதற்கு மேல் சண்டை பிடிக்க முடியவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஸஹ்னாவுக்கு ஒரு நல்ல இடத்திலிருந்து கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளையின் உம்மாவும் மாமியும் வந்தார்கள். நான் இனிப்புக்கு வட்டிலப்பம் செய்திருந்தேன். மாமிக்காரி நேராகப் பின்பக்கம் போனாள். ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் புதிதாகப் பூசிய சின்னக் குளம், அதில் பிரமியும் மீனும்.

"இதென்னகா இது?" என்று என்னைக் கேட்டாள்.

நான் ஏதாவது சமாளிப்பதற்குள் இவர் முன்னுக்கு வந்தார். "குளம்" என்றார்.

"ஊடு எங்க?"

"ஊடு இப்ப இல்ல. மெல்ல மெல்லக் கட்டுவம். நான் இஞ்சதான் இரிக்கன்."

அவர்கள் வட்டிலப்பத்தைச் சாப்பிட்டார்கள், நல்லா இருக்கு என்றார்கள், போனார்கள். பிறகு ஒரு செய்தியும் வரவில்லை. நான் ஒவ்வொரு போனுக்கும் ஓடி ஓடிப் பார்த்தேன். ஸஹ்னா எனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஆனால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். உம்மாவுக்குத் தண்ணீர்ச் சத்தம் எது, அழுகைச் சத்தம் எது என்று தெரியாதா? அந்தக் கிழமை முழுக்க இவருக்கு முன்னால் தேத்தண்ணிக் கோப்பையைச் சத்தம் வரத்தான் வைத்தேன்.  அவர் குடித்துவிட்டுக் கோப்பையைத் தானே கழுவி வைத்தார்.

இப்போது

இப்போது இவர் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். மிச்சம் பிடிக்கிறதில் அத்திவாரத்தின் மற்றப் பக்கத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் வைக்கிறார். வீடு என்று சொல்ல இன்னும் காலம் பிடிக்கும். குளம் இருக்கிற மூலையை முற்றமாக விட்டுவிட்டு வரைபடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று மேசன் சொல்லியிருக்கிறார். தொட்டியிலும் பிரமி மெல்லிய புது இலை வைத்து மேல் வரைக்கும் வந்துவிட்டது. ஸஹ்னா ஒட்டிய தாள் மஞ்சளாகிப்போனாலும் கண்ணாடியில் அப்படியே இருக்கிறது.

பூச்சட்டியிலும் சீமெந்துத் தொட்டியிலும் வளர்க்கவென்று அயலில் எல்லாரும் வந்து ஒரு பிடி கேட்கிறார்கள். இவர் கிள்ளிக் கொடுப்பார். கொடுத்துவிட்டு, "நட்டுப்போட்டுத் தொடாதீங்க, இலை கழண்டாப் பயப்புடாதீங்க" என்று பள்ளிவாசலில் பெரிய ஆலிம் போலப் பயான் வைப்பார். நான் உள்ளே நின்று சிரிப்பேன். இந்த வாயா இதைச் சொல்கிறது!

இதை எழுதுவதற்குக் கொஞ்சம் முந்தி ஒரு பின்னேரம். நான் குசினியில் சோற்றுக்கு உலை வைத்திருந்தேன். ஸஹ்னா அறைக்குள் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். அவளும் இப்போது டீச்சர்தான். இவர் பின்னால் குளத்தடியில்.

"வாப்பா!" என்று ஸஹ்னா கூப்பிட்டாள்.

"என்ன மகள்?"

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்புகிற சத்தம் கேட்டது. சேற்றுக் கையோடு ஜன்னலடிக்கு வந்திருக்க வேண்டும். "என்ன விஷயம்?" என்று கேட்டார்.

அவள் கொப்பியை மூடுகிற சத்தம் கேட்டது.  கொப்பி முடிஞ்சி என்று சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஒண்டுமில்ல வாப்பா. சும்மா கூப்பிட்டன்."

அவர் அங்கேயே நின்றார். பிறகு செருப்பு இழுபடுகிற சத்தம், குளத்தடியில் குந்துகிற சத்தம். நான் அகப்பையும் கையுமாக நின்றேன். அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிற மணம் வந்தது, ஆனாலும் திரும்பத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"மகள்!"

"என்ன வாப்பா?"

"சும்மா."